பாதியில் நின்ற கைதட்டல்

கதவைத் தட்டுவதற்காக ஓங்கிய அந்தப் பெண்ணின் கையை விசில் வாத்தியார் காற்றிலேயே பிடித்துவிட்டார்.

"தட்டாதம்மா" என்றார், ரகசியம் சொல்கிற குரலில்.

பட்டப்பகலில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் படாரென்று கதவைத் திறந்து கையைப் பிடித்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? அவள் தோள்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். வாத்தியார் கையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பலகை. 'மணி கிடையாது. கதவைத் தட்ட வேண்டாம். இந்த சுவிட்சைப் போடுங்கள். உள்ளே விளக்கு எரியும், வருவோம்.' விளையாட்டு மைதானத்தில் கோடு போடுகிற வெள்ளைப் பெயின்டில் அவரே எழுதியது. பலகையைப் படிக்காமல் தட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள் என்பதால், ஆள் வருவது தெரிந்தால் ஜன்னலில் கண்கொத்திப் பாம்பாக நிற்பது அவர் வழக்கம். காலையிலிருந்து அப்படித்தான் நின்றிருந்தார்.

"சாரி சார், பாக்கல. ஆஸ்பத்திரியில இருந்து வரேன். மேடத்தோட மெஷினை..." என்று தொடங்கியவள் மீதியை விழுங்கிவிட்டாள்.

"நிறுத்தத்தானே? உள்ள வாம்மா. செருப்ப மட்டும் மெதுவா கழட்டு" என்றார்.

வீடு முழுக்க இப்படித்தான். நாற்காலிக் கால்கள் நாலுக்கும் பழைய காலுறை மாட்டியிருக்கும். தொலைபேசி பேசாது, ஒளிரும். குக்கரில் விசில் வைத்துச் சமைக்கவே மாட்டார்கள். விசில் வாத்தியார் வீட்டுக் குக்கருக்கு விசில் கிடையாது என்பது அந்தத் தெருவில் நெடுநாளாக ஓடுகிற ஜோக். விளையாட்டு வாத்தியாரான அவர் மைதானத்தில் நின்று "ஓடு" என்று ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுப் படி ஏறியதும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். உண்மைதான், அவர் பயந்தார். ஆனால் அது அவளுக்காகப் பட்ட பயம்.

அவளைத் தெருவில் 'ஆராய்ச்சியம்மா' என்பார்கள். அவள் இப்போது முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில், மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்தாள். ஈரலில் வந்த புற்று எலும்பு வரைக்கும் போயிருந்தது. இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர்கள் சொன்னதும், "அப்ப அதை என் வீட்டுலயே குடுங்க" என்று கிளம்பி வந்துவிட்டவள். பக்கத்தில் மகள் உட்கார்ந்து அவள் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். மகள் கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கிறவள். பகலெல்லாம் இயந்திர இரைச்சலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்கத் தெரிந்தவள்.

ஆஸ்பத்திரிப் பெண் பையிலிருந்து சின்னக் கணினியை எடுத்தாள். அதோடு ஒயரில் கோத்த ஒரு வட்டத்தை ஆராய்ச்சியம்மாவின் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி போலப் புடைத்திருந்த கருவியின் மேல் வைத்தாள். திரையில் நெஞ்சுத் துடிப்பின் கோடு ஓடத் தொடங்கியது.

"கொஞ்சம் என் பக்கம் திருப்பும்மா" என்றாள் நோயாளி. திருப்பினாள். ஆராய்ச்சியம்மா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, தளர்ந்த விரலால் ஒரு மேட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது எல்லாருக்கும் ஒரே மேடா இருக்கும். எங்களுக்கு நடுவுல பள்ளம் விழுந்து ரெண்டா தெரியும். எங்க குடும்பத்துக் கையெழுத்து இது. எங்க அண்ணனுக்கும் இருந்திருக்கும். யாரும் எடுத்துப் பாக்கல."

அந்த அண்ணன் போனது அவளுக்குப் பதின்மூன்று வயதில். பரீட்சைக்குப் படிக்க விடியலில் எழுவதற்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தான். அலாரம் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் நிறுத்தவில்லை. போய்ப் பார்த்தபோது கடிகாரத்தை நோக்கிக் கையை நீட்டியபடி கிடந்தான். பத்தொன்பது வயதுப் பையன், நல்ல நீச்சல்காரன், ஒரு நோய்நொடி இல்லாதவன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒன்றும் அவளுக்கு ஒப்பவில்லை. அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்தான் அவளை ஆராய்ச்சிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

இதயத்தைப் படிக்கத்தான் போனாள். அங்கே இடமில்லை, நரம்புக்கு வா என்றார்கள். சரி என்று தவளையின் தொடை நரம்பை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. சில கதவுகள் சோடியத்தை மட்டும் விடும், சில பொட்டாசியத்தை மட்டும். இவை திறந்து மூடுவதால்தான் வலி தெரிகிறது, விரல் அசைகிறது, நெஞ்சு துடிக்கிறது. கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொன்னபோது வாத்தியார், "அப்போ நான் விசில் ஊதறதுக்கும் கதவுதான் காரணமா?" என்று கேட்டார். "ஊதறதுக்கு மட்டுமில்ல, நிறுத்தறதுக்கும் கதவுதான். உங்களுக்கு அந்த ரெண்டாவது கதவு இல்ல" என்றாள் அவள். பிறகு ஒரு நாள், நரம்பில் இருக்கிற பொட்டாசியக் கதவும் இதயத்தில் இருப்பதும் ஒன்றுவிட்ட சொந்தம் என்று கண்டுபிடித்து, வந்த வழியே சுற்றிக்கொண்டு இதயத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

ஒரே ஒரு தடவை வாத்தியார் அவள் வேலை செய்வதைப் போய்ப் பார்த்திருக்கிறார். வெளி மின்சாரம் அண்டாத கம்பிவலைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். உருக்கி இழுத்த கண்ணாடிக் குழாய் ஒன்று, அதன் நுனி எங்கே முடிகிறது என்றே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை ஒரு செல்லின் மேல் பட்டும் படாமலும் வைத்து, மறுமுனையில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் வைத்துக் குழந்தை பால் குடிப்பதுபோல லேசாக உறிஞ்சினாள். செல் குழாயோடு ஒட்டிக்கொண்டது. பிறகு மின்னழுத்தத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினாள். திரையில் கோடுகள் மாடிப்படி மாதிரி எழுந்தன. ஏன் ஒரேயடியாக ஏற்றக் கூடாது என்று இவர் கேட்டார். எந்தப் படியில் கதவு திறக்கிறது என்று அப்புறம் எப்படித் தெரியும் என்றாள். அந்த நேரம் பார்த்து இவருக்கு ஒரு தும்மல் வந்தது. வாத்தியார் தும்மல் என்றால் சாதாரணமா? மேஜை ஆடி, செல் பிய்ந்து, காலையிலிருந்து பட்ட பாடு போச்சு. வாசலைக் காட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மாலை. அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் ரத்தத்திலிருந்து எடுத்த அந்தக் கதவுக்கான மரபணுவைத் தவளை முட்டைக்குள் வைத்து, இரண்டு கண்ணாடி ஊசியால் குத்தி அளந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள். "எங்க அண்ணன் எதனால போனான்னு இன்னிக்குப் பாத்துட்டேன்" என்றாள். "கதவு பாதிதான் திறக்குது. சும்மா இருக்கறப்ப தெரியாது. திடீர்னு ஒரு சத்தம் கேட்டு நெஞ்சு ஓட ஆரம்பிச்சா, ஒரு துடிப்பு முடியறதுக்குள்ள அடுத்தது வந்து மோதும். எல்லாம் குழம்பிடும்." பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் அதே கதவுதான்" என்றாள். அழுதது வாத்தியார். அவள் எழுந்துபோய் அலமாரியில் இருந்த கடிகாரத்தின் மணியைக் கழற்றிவிட்டு, சமைக்க என்ன இருக்கிறது என்று பார்த்தாள். குழந்தைக்கும் சோதித்தார்கள். மகளுக்கு இல்லை. "அப்பாவோட இதயம், எந்தச் சத்தத்துக்கும் அசையாது" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"ஆஃப் பண்ணிடலாமா மேடம்?" ஆஸ்பத்திரிப் பெண் கேட்டாள். இதை அணைக்காவிட்டால், கடைசி நேரத்தில் நெஞ்சு தடுமாறும்போது கருவி தன் கடமையைச் செய்வதாக நினைத்துக்கொண்டு நெஞ்சை மின்சாரத்தால் உதைக்கும், திரும்பத் திரும்ப உதைக்கும். அமைதியாகப் போக விடாது. யாரும் சொல்லாமலே ஆராய்ச்சியம்மாவே ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லியிருந்தாள்.

"பண்ணும்மா. நல்ல பிள்ளை இது. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் உதைச்சுது."

அந்தப் பெண் திரையைத் தொட்டாள். ஒரு சத்தமும் இல்லை. கருவி அணைந்துவிட்டது.

அந்த ஒரே உதையின் கதையை அவள் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குச் சொன்னாள், மூச்சு வாங்கி வாங்கி, நடுநடுவே கணவனைக் கேலி செய்துகொண்டு. அவள் கண்டுபிடிப்புக்கு ஒரு பெரிய விருது கொடுத்தார்கள். மண்டபம் நிறைய ஆட்கள். பதக்கத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். முன்வரிசையில் இருந்த வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. கதவு, கருவி, கடிகாரம் எல்லாம் மறந்துபோய், மைதானத்துக் கையால் படாரென்று தட்டிவிட்டார். மண்டபமே சேர்ந்து தட்டியது. அவ்வளவுதான். அவள் மேடையில் சரிந்தாள். கருவி உதைத்தது. மண்டபம் உறைந்துபோனது. எல்லாரும் ஆம்புலன்ஸ் என்று ஓட, அவள் மைக்கைப் பிடித்து எழுந்து நின்று, "மன்னிக்கணும், இப்ப நீங்க பாத்ததுதான் என் ஆராய்ச்சி. இனி படத்தோட சொல்றேன்" என்று பேச்சை முழுதாகப் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். அடேயப்பா, அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் வாத்தியாருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும், கூடவே தன் கையை ஒரு தடவை முறைத்துக்கொள்வார். அன்றிலிருந்து அவள் பேசும் இடங்களில் யாரும் தட்டுவதில்லை. இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டுவார்கள். வாத்தியார் அதற்கப்புறம் எங்கேயுமே கை தட்டியதில்லை, பள்ளிக்கூடத்தில்கூட.

"முதல் தட்டு இவரோடது. அதனால இவருக்கு இன்னும் கோவம், கை மேல" என்று முடித்துவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள். முகத்தில் கேலி போய்விட்டது. "என்னங்க, அன்னிக்குப் பாதிதான் கேட்டேன். மீதியையும் கேட்டுட்டுப் போகணும்னு ஆசையா இருக்கு."

வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? இப்பதான் அதை அணைச்சிருக்கு. என் கையால..." ஆஸ்பத்திரிப் பெண் தரையைப் பார்த்தாள். அவர் அடுப்படிக்குப் போய், கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினார்.

ஆசை என்று அவள் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. புடவை வேண்டும், நகை வேண்டும், இந்த ஊர் பார்க்க வேண்டும் என்று எதுவும் கிடையாது. ஒரு நுண்ணோக்கியைத்தான் ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படிப்பட்டவள் கேட்கிறாள். கேட்பதோ, அவர் வாழ்நாளெல்லாம் கொடுக்கத் துடித்த ஒன்று. எத்தனை மண்டபத்தில் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்! உலகத்தில் எவனெவனுக்கோ தட்டுகிறார்கள், பந்தைத் தட்டிவிட்டவனுக்கெல்லாம் தட்டுகிறார்கள், தன் பெண்டாட்டிக்கு மட்டும் தட்ட முடியவில்லையே என்று உள்ளுக்குள் குமைந்திருக்கிறார். ஆனால் இன்றைக்குத் தட்டி, அதில் அவள் போய்விட்டால்? மிஞ்சிப்போனால் ஒரு நாளோ இரண்டு நாளோ இருப்பவள்தான். இருந்தாலும் அந்தக் கையை வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்வது?

மகள் வந்து பக்கத்தில் நின்றாள். துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு, "அப்பா, அம்மா எதையும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க. தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும்மா."

"அவங்க தெரியாம கேக்கறவங்களும் இல்ல."

அதுவும் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் முன்னறை விளக்கு எரிந்தது. ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள். முன்னால் வந்தவர் தவளைத் தம்பி. படிக்க வந்த காலத்தில் தவளைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. இப்போது தலை வழுக்கை, கூடத்துக்கே தலைவர், ஆனாலும் ஆராய்ச்சியம்மாவுக்கு அவர் தவளைத் தம்பிதான். கூட மாணவர்கள் ஏழெட்டுப் பேர், வாசலிலேயே செருப்பைக் கையால் எடுத்து வைத்துவிட்டு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அழக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்த முகங்கள். அவள் ஒவ்வொருவரிடமும் அவரவர் சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டாள். ஒரு பையன் தயங்கித் தயங்கி, எதிர்பார்த்த விடை வரவில்லை என்றான். "எதிர்பாத்தது வந்தா அதுல உனக்கென்ன வேலை?" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

கிளம்பும் நேரம் தவளைத் தம்பி இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினார். மாணவர்களும் தூக்கினார்கள். அந்தச் சின்ன அறை முழுக்க விரல்கள், சத்தமே இல்லாமல். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். கணவனைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்க மாட்டாள் என்று தெரிந்தும் வாத்தியார் காத்திருந்தார்.

அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு மழை நினைவு வந்தது.

வெளியே மழை கொட்டி மைதானத்துக்குப் போக முடியாத நாட்களில், பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளை அடக்க அவர் செய்கிற வித்தை. எல்லாரும் ஒற்றை விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், தூறல். பிறகு இரண்டு விரல், மூன்று, நான்கு. முழுக் கையும் சேரும்போது ஓட்டின் மேல் பெய்கிற பேய் மழை. எப்போது தொடங்கியது, எப்போது பெருத்தது என்று யாருக்கும் தெரியாது. அதில் எந்தக் குழந்தையும் திடுக்கிட்டதில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூடத் தூங்கும்.

"இருங்க, யாரும் போகாதீங்க" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, சொல்ல வந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தெரியாமல், ஒற்றை விரலால் தன் உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். பிறகு இரண்டு விரல். "இப்படி. ஒவ்வொரு படியா. நீ அங்க ஏத்துவியே, அந்த மாதிரி."

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை வாத்தியார் முன்பு வேறு இடத்தில் பார்த்திருக்கிறார், கம்பிவலைக் கூண்டுக்குள், திரையில் கோடு எழுந்தபோது. அதைத் தன் மேல் வாங்குவது இதுவே முதல் தடவை.

"இவ்வளவு நாளா எங்க வச்சிருந்தீங்க இந்த மூளைய?" என்றாள். உடனே குரல் மாறியது, ஆராய்ச்சிக்கூடத்துக் குரல். தன் வலது கையைத் தூக்கிக் கழுத்தில் வைக்கச் சொன்னாள். மகள் வைத்தாள். இரண்டு விரலால் தன் நாடியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "நான் தலையாட்டினாத்தான் அடுத்த படி. ஆட்டலைன்னா அங்கயே நிக்கணும். யாரும் அவசரப்படக் கூடாது. ஆரம்பிங்க."

வாத்தியார்தான் ஆரம்பித்தார். ஒற்றை விரல். அவருக்கே கேட்கவில்லை. மகள் சேர்ந்தாள், தவளைத் தம்பி சேர்ந்தார், மாணவர்கள் சேர்ந்தார்கள். ஜன்னல் தகரத்தில் தூறல் விழுவதுபோல அறையில் ஏதோ கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் விரலை வைத்தபடி கிடந்தாள். தலையாட்டினாள். இரண்டு விரல். ஆஸ்பத்திரிப் பெண், போக மனமில்லாமல் அடுப்படி வாசலில் டீயோடு நின்றிருந்தவள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளும் தட்டினாள். மூன்றாவது படியில் ஆராய்ச்சியம்மா தலையாட்டவில்லை. எல்லாரும் அதே மூன்று விரலில், அதே அளவில் நின்றார்கள். அவள் நாடியை எண்ணினாள், நன்றாக, நிதானமாக. பிறகு தலையாட்டினாள். நான்கு விரல். இன்னொரு தலையாட்டல்.

முழுக் கை.

அப்படி ஒரு சத்தம் அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அதில் கேட்டதில்லை. சுவர் அதிர்ந்தது. காலுறை போட்ட நாற்காலிகள் அதிர்ந்தன. வாத்தியார் தட்டினார், இத்தனை வருஷம் தொடைக்கடியில் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துத் தட்டினார். உள்ளங்கை எரிந்தது, கண்ணில் கொட்டிக்கொண்டே இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. என் பெண்டாட்டி, என் பெண்டாட்டி என்று உள்ளே ஒன்று கூவியது. அவள் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இன்னும்" என்றாள். உதடு அசைந்ததில்தான் தெரிந்தது. தட்டினார்கள்.

போதும் என்று அவள் இடது கையை மெல்ல அசைத்தபோது, நிறுத்துவதிலும் படி உண்டு என்று வாத்தியார் நான்கு விரலைக் காட்டினார். நான்கு, மூன்று, இரண்டு, தூறல். பிறகு அறை பழையபடி ஆனது.

"தம்பி" என்றாள். தவளைத் தம்பி குனிந்தார். "சத்தம் முழு அளவு. துடிப்பு ஒண்ணுகூடத் தவறல. சத்தம் ஆளை வீழ்த்தாது, திடீர்னு வர்றதுதான் வீழ்த்தும். ஒரே ஒரு ஆள வச்சுச் செஞ்ச சோதனை, வெளிய சொன்னா சிரிப்பாங்க." தானே சிரித்தாள். தவளைத் தம்பிக்கு அதற்கு மேல் முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை, வெயில் கட்டிலின் கால்மாட்டில் இருந்தபோது, அவள் போனாள். அதுவும் திடீரென்று வரவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அடுத்ததற்காக வாத்தியாரும் மகளும் காத்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் இனி வராது என்று புரிந்துகொண்டார்கள். கருவி அசையவில்லை. மகள் அம்மாவின் கழுத்தருகே கிடந்த விரல்களை எடுத்து நேராக வைத்தாள்.

மறுநாள் காலை முன்னறை விளக்கு அணையவே இல்லை, வருகிறவர்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒருவர் லாரி ஓட்டுகிறவர், நெடுந்தூரம் ஓட்டி வந்த களைப்பு முகத்தில், கூட இரண்டு பெண் பிள்ளைகள். வாத்தியார் அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை. பலகையைப் படிக்காமலே சுவிட்சு இருக்கும் இடத்துக்கு அவர் கை போனதைக் கவனித்தார்.

"எங்க வீட்டுலயும் இதே மாதிரிதாங்க, விளக்குதான்" என்றார் அவர். "பெரியவன் ஒருத்தன் இருந்தான். போன் அடிச்சப்ப விழுந்தவன் எந்திரிக்கல. அப்புறந்தான் டாக்டர் இந்தம்மா கண்டுபிடிச்சதச் சொல்லி இதுங்க ரெண்டுக்கும் பாத்தாங்க. ரெண்டுக்கும் இருக்கு. மாத்திரை குடுத்தாங்க." சின்னவள் தலையில் கை வைத்தார். "நல்லா இருக்குதுங்க. ஒரு தடவை காட்டிட்டுப் போலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

பிள்ளைகள் இரண்டும் கட்டில் பக்கத்தில் போய் நின்று ஆராய்ச்சியம்மாவை நன்றாகப் பார்த்தன. வாத்தியார் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். அவளுடைய அண்ணன் வயதைத் தாண்டி இவர்கள் போவார்கள் என்று நினைத்தார்.

அவளை வண்டியில் ஏற்றியபோது தெரு நிறைந்துவிட்டது. கூடத்து ஆட்கள், பழைய மாணவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். லாரிக்காரரைப் போல எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் இன்னும் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு கூட்டம் நின்றும் ஒரு முணுமுணுப்பு இல்லை. எல்லாருக்கும் அந்த வீட்டுப் பழக்கம் தெரியும். வண்டி நகர இடமில்லை, பின்னால் நிற்பவர்களுக்கு வண்டி கிளம்புவதும் தெரியவில்லை. முன்னால் வாத்தியார் பக்கத்தில் இருந்த டிரைவர் கண்ணாடியில் இருபுறமும் பார்த்துவிட்டு ஹாரனை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

வாத்தியார் அந்தக் கையைக் காற்றிலேயே பிடித்துவிட்டார்.

"அடிக்காதப்பா" என்றார். "கூட்டத்துல குழந்தைங்க இருக்கு."

"அப்ப எப்படி சார் போறது?"

வாத்தியார் கதவைத் திறந்து, இறங்காமல் படியிலேயே எழுந்து நின்றார். ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டார். லாரிக்காரரின் சின்ன மகள் ஓரமாக அப்பாவின் விரலைப் பிடித்தபடி அவரை அண்ணாந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்குள் பேசுகிற குரலில், "வழி விடுங்க" என்றார். முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். கொஞ்சம் கூட்டி இன்னொரு தடவை சொன்னார். இன்னும் கொஞ்சம் கூட்டினார். சின்னவள் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அந்தத் தெருவில் குடிவந்த நாளிலிருந்து அங்கே யாரும் கேட்டிராத மைதானத்துக் குரலில், கடைசி வீடு வரைக்கும் போகிற மாதிரி சொன்னார்.

"வழி விடுங்க! அவங்க வர்றாங்க!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கியது. வண்டி நகர்ந்தது.